பூத்துக்காரன் சொல்கிறேன்: உங்கள் பையன் ஏன் போனை எடுப்பதில்லை

அம்பாசமுத்திரத்திலிருந்து ஓர் அண்ணாச்சி கேட்டிருக்கிற கேள்வி இது. பையன் பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கிக் கல்லூரி முதலாண்டு படிக்கிறான். போன் போட்டால் எடுப்பதில்லை, மெசேஜ் அனுப்பினால் மட்டும் அரை நிமிடத்தில் பதில் வருகிறது. எந்த விஷயத்தைப் பேசினாலும் "யூடியூப்ல பாத்தேம்ப்பா" என்கிறான், பேப்பரைத் தொடுவதே இல்லை. "நம்ம காலத்துக்கும் இதுக்கும் நிஜமாகவே என்ன வித்தியாசம், இல்லை நமக்குத்தான் வயசாகிவிட்டதா?" என்று முடித்திருக்கிறார்.

வயசாகிவிட்டது அண்ணாச்சி, அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் வித்தியாசமும் இருக்கிறது. அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு, ஏனென்றால் முப்பது வருஷமாக இந்தப் பிள்ளைகள் பேசுவதற்கும் தேடுவதற்கும் நடுவில் உட்கார்ந்து காசு வாங்கிக் கல்லாவில் போட்டவன் நான். 1993இல் முருகன்குறிச்சிப் பக்கம் எஸ்.டி.டி. பூத். 2001இல் அதே இடத்தில் பிரவுசிங் சென்டர். இப்போது ஜெராக்ஸ், பிரிண்ட், ஆன்லைன் விண்ணப்பம். போர்டு மூன்று தடவை மாறியது, நான் உட்காருகிற ஸ்டூல் அதேதான்.

பூத் காலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக் கூண்டு, உள்ளே ஒரு சின்ன ஃபேன், தலைக்கு மேலே சிவப்பு எண்ணில் ஓடுகிற மீட்டர். பேசுகிறவர் கண் முழுக்க அந்த மீட்டரில்தான் இருக்கும். "நல்லாருக்கியா, பணம் வந்துச்சா, அங்க மழை உண்டா, சரி வச்சிருதேன்" என்று பம்பாய் தாராவியில் இருக்கும் அண்ணனோடு நாற்பது நொடியில் பேசி முடித்துவிடுவார்கள். இரவானால் கட்டணம் குறையும், இன்னும் பிந்தினால் இன்னும் குறையும் என்பதால் காலேஜ் பையன்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார்கள், வரிசை ரோட்டுக்கு வந்துவிடும். வீட்டில் போன் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு நம்பரைக் கொடுத்து, கூடவே பி.பி. என்று எழுதுவார்கள். அந்த வீட்டம்மா போனை எடுத்து, ஆள் அனுப்பிக் கூப்பிட்டு, இவர்கள் பேசி முடிக்கிறவரை அங்கேயே நின்று காய் நறுக்குவார். யார் எங்கே வேலைக்குப் போனான், யாருக்கு யாரோடு பேச்சு, எந்த வீட்டில் மாப்பிள்ளை அமையவில்லை, எல்லாம் அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நான் வெளியே சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை சொன்னேன், அது வம்பில் முடிந்தது, அதை விடுங்கள்.

தகவலும் இப்படித்தான் ஆள் கைமாறி வந்தது. பிளஸ் டூ ரிசல்ட் மாலைப் பேப்பரில் நம்பர் நம்பராக வரும், ஜங்ஷனில் கட்டு இறங்கும்போதே பிடுங்குவார்கள், நம்பர் இல்லையென்றால் பெயில். எந்தக் காலேஜ் நல்லது என்பதை சார் சொல்வார், இல்லாவிட்டால் மாமா மகன் சொல்வான். இன்ஜினியரிங் கவுன்சலிங் 2018இல் ஆன்லைனுக்கு மாறும்வரை சென்னைக்கு, அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில்தான் போக வேண்டும். நெல்லை எக்ஸ்பிரஸில் அப்பாவும் பிள்ளையும் மஞ்சள் பையில் சர்டிபிகேட்டை வைத்துக்கொண்டு ஏறுவார்கள். கோவில்பட்டி தாண்டுவதற்குள் எதிர் சீட்டுக்காரர் "தம்பிக்கு கட் ஆஃப் எவ்வளவு?" என்று ஆரம்பித்து, விருதுநகருக்குள் ஒரு காலேஜைத் தூக்கிவைத்து, மதுரைக்குள் இன்னொன்றை இறக்கிவிட்டிருப்பார். அவர் சொன்னதில் பாதி தப்பாக இருக்கும். இருந்தாலும் அவர் எந்த ஊர், என்ன தொழில், அவர் பிள்ளை எங்கே படிக்கிறது என்று விசாரித்துவிட்டுத்தான் இவர்கள் அவர் பேச்சை எடை போட்டார்கள்.

என் கணக்கில் பெரிய வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. அன்றைக்கு நடுவில் ஒரு ஆள் இருந்தான், அவன் முகம் தெரியும். பூத்துக்காரன், பி.பி. வீட்டம்மா, சார், ரயிலில் எதிர் சீட்டுக்காரர். இன்றைக்குப் பிள்ளைகள் நடுவில் யாருமே இல்லை, நானும் போனும்தான் என்று நினைக்கிறார்கள். ஆள் இருக்கிறான் அண்ணாச்சி. முகம்தான் தெரியவில்லை.

அதற்கு வருவதற்கு முன், இடையில் ஒரு பத்துப் பதினைந்து வருஷம் இருக்கிறது, அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். 2003 மே மாதம் செல்போனில் இன்கமிங் இலவசம் ஆனது. அதற்கு முன்னால் நமக்கு வருகிற அழைப்புக்கும் நாமே காசு கொடுத்துக்கொண்டிருந்தோம் என்று இப்போது சொன்னால் என் மகள் சிரிக்கிறாள். இன்கமிங் இலவசமானதும் மிஸ்டு கால் என்று ஒரு தனி பாஷையே பிறந்துவிட்டது. ஒரு ரிங் விட்டால் வீடு வந்து சேர்ந்துவிட்டேன், இரண்டு விட்டால் வாசலுக்கு வா. அப்புறம் எஸ்.எம்.எஸ். இதில் ஒரு நுணுக்கம் சொல்கிறேன். ஆங்கில எழுத்தில் அனுப்பினால் ஒரு எஸ்.எம்.எஸ்ஸில் 160 எழுத்து போகும். தமிழில் அனுப்பினால் 70தான். அந்த 70லும் நம் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனியாகக் கணக்கில் ஏறும். "திருநெல்வேலி" என்று எழுதினால் நமக்கு ஆறு எழுத்து, போனுக்குப் பன்னிரண்டு. போதாக்குறைக்கு எதிராளி போனில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் வரிசையாகக் கட்டம் கட்டமாகப் போய் நிற்கும். முத்து நெடுமாறனின் செல்லினம் 2005லேயே வந்துவிட்டது, ஆனால் இங்கே கையில் இருந்த மலிவுப் போன்களுக்கும் அதற்கும் வெகுதூரம். அதனால்தான் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிற பழக்கம் ஒட்டிக்கொண்டது. பிள்ளைகளுக்குத் தமிழ்ப்பற்று இல்லை என்று பட்டிமன்றத்தில் திட்டுகிறார்களே, அவர்களில் ஒருவராவது தன் காசில் தமிழில் எஸ்.எம்.எஸ். அனுப்பிப் பார்த்திருப்பாரா தெரியாது. தீபாவளி, புத்தாண்டு அன்றைக்கு மெசேஜ் பேக் செல்லாது என்று வேறு கம்பெனிகள் வைத்திருந்தன, பையன்கள் முந்தின நாள் ராத்திரியே வாழ்த்துச் சொல்லி முடித்துவிடுவார்கள்.

இப்போது கதை வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. 2013இல் வாட்ஸப்பில் வாய்ஸ் மெசேஜ் வந்தது. என் கடை வாசலில் நிற்கிற பையன்களில் பாதிப்பேர் டைப் செய்வதே இல்லை. போனை அப்பளம் மாதிரி வாய்க்கு நேரே படுக்கவைத்துப் பிடித்துக்கொண்டு, "ஏலே, சார் வந்துட்டாவ, நீ எங்கன நிக்க, வெரசா வாலே" என்று அனுப்புகிறார்கள். எழுத்தில் அனுப்பிய காலத்தில் இந்த "வந்துட்டாவ"வையும் "எங்கன"வையும் நான் பார்த்ததே இல்லை, எழுதும்போது கை தானாக அதைச் சுத்தம் செய்துவிடும். நம்ம ஊர்ப் பேச்சு செத்துப்போகும் என்று பயந்தவர்களுக்கு இந்தச் செய்தியைச் சொல்லுங்கள். ஆனால் ஒரு வேடிக்கை. அதே பையன் கூகுளில் குரலால் தேடும்போது (2017 ஆகஸ்டிலிருந்து தமிழில் பேசித் தேடலாம்) "திருநெல்வேலி முதல் தென்காசி வரை பேருந்து நேரம்" என்று வானொலியில் செய்தி வாசிப்பவர் மாதிரி நிறுத்தி நிதானமாகக் கேட்கிறான். "தென்காசிக்கு பஸ் எப்பம்லே" என்று கேட்டால் அதற்குப் பிடிபடாது என்று அவனுக்குத் தெரியும். சேக்காளிக்கு ஒரு தமிழ், கருவிக்கு ஒரு தமிழ்.

சரி, உங்கள் பையன் போனை எடுக்காத விஷயம். நம் காலத்தில் போன் அடித்தால் ஓடிப்போய் எடுத்தோம், ஏனென்றால் யாரோ காசு செலவழித்துக் கூப்பிடுகிறார்கள். இவனுக்குப் பேச்சுக்குக் காசே கிடையாது, அதனால் அந்த மணி அடிப்பதற்கு நாம் கொடுத்த மரியாதை அவனிடம் இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் வருகிற போன் என்றால் அவனுக்கு இரண்டே அர்த்தம், ஊரில் யாருக்கோ முடியவில்லை, அல்லது அப்பா கோபமாக இருக்கிறார். அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது, முதலில் "கால் பண்ணவா?" என்று கேட்டு, சரி என்று வந்த பிறகுதான் போடுவார்கள். யோசித்துப் பார்த்தால் இது வீட்டுக்கு வருகிறவர் வாசலில் நின்று ஒரு குரல் கொடுக்கிற பழக்கம்தான். நீங்கள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறீர்கள். அதோடு ஒரு அறையில் நாலு பேர், மூன்று பேர் பார்க்க "சாப்ட்டேன்ப்பா, குளிச்சிட்டேன்ப்பா" என்று சொல்வதற்கு எந்தப் பதினெட்டு வயதுக்காரனும் கூச்சப்படுவான்.

அவர்களுக்கு வலி இல்லை என்று நினைக்க வேண்டாம். போன மாதம் ஒரு பெண் ரெக்கார்டு நோட்டுப் பிரிண்டுக்குக் கொடுத்துவிட்டு, எத்தனை காப்பி என்று நான் மூன்று தடவை கேட்டும் காதில் விழாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாத்துட்டா அண்ணாச்சி, பதில் போடல." நீல நிற டிக் இரண்டு. கடிதம் எழுதிய காலத்தில் பதில் வர ஒரு வாரம் ஆனாலும், தபால்காரர் தாமதம், மழை, ஊரில் ஆள் இல்லை என்று மனசு எதையாவது சொல்லித் தேற்றிக்கொள்ளும். படித்துவிட்டாள், படித்து ஆறு மணி நேரம் ஆகிறது என்று நிமிடக் கணக்கில் தெரிந்து உட்கார்ந்திருப்பது புது வியாதி. நமக்கு இது இருந்ததில்லை.

இந்த மாற்றத்தில் எனக்கு முழு மனசோடு சந்தோஷம் தருகிற ஒன்றும் இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. நம் பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்கான ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் பள்ளி 1897லிருந்து இருக்கிறது. பூத் நடத்திய காலத்தில் அங்கே படித்து வெளியே வந்தவர்கள் என் கடைக்குள் வந்தால், ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள், நான் அவர்கள் வீட்டுக்குப் போன் போட்டு அதைப் படிப்பேன், அங்கிருந்து வருகிற பதிலை எழுதிக் காட்டுவேன். அம்மா அழுதார் என்பதைக் கூட நான்தான் எழுதிக் காட்ட வேண்டும். எப்படி எழுதுவது? இன்றைக்கு ஒரு பையன் வருகிறான், ஜெராக்ஸ் மெஷின் மேல் இருக்கிற ஏ4 பேப்பர் கட்டில் போனைச் சாய்த்து நிறுத்துகிறான், இரண்டு கையையும் விடுவித்துக்கொண்டு சைகையில் படபடவென்று பேசுகிறான், அந்தப் பக்கம் யாரோ விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. என்னைத் தாண்டி ஒரு பேச்சு நடப்பதில் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. நடுவில் இருந்த ஆள் ஒழிந்ததில் நூற்றுக்கு நூறு லாபம் என்றால் அது இவர்களுக்குத்தான். பார்வையற்ற பிள்ளைகளுக்குப் போனே திரையில் இருப்பதை வாசித்துக் காட்டுவதைக் கேட்டிருக்கிறீர்களா? அவர்கள் வைத்திருக்கிற வேகத்தில் நமக்கு ஒரு சொல்லும் பிடிபடாது.

மறுபக்கமும் உண்டு. துட்டி சொல்வது, அதாவது சாவுச் செய்தியைச் சொல்வது என்று ஒரு பொறுப்பு இருந்ததே, ஆள் பஸ் ஏறி ஊர் ஊராகப் போய் வாசலில் நின்று சொல்லிவிட்டு வருவான். இப்போது ஸ்டேட்டஸில் போட்டோ போட்டு மாலை போட்டுவிடுகிறார்கள். "எனக்குச் சொல்லல, வாட்ஸப்ல போட்டான்" என்று பேச்சுவார்த்தை நின்றுபோன இரண்டு குடும்பங்கள் என் சொந்தத்திலேயே இருக்கின்றன. பிள்ளைகளைக் கேட்டால் "எல்லாரும் பாத்துட்டாங்களே" என்கிறார்கள். பார்த்ததற்கும் சொன்னதற்கும் உள்ள வித்தியாசம் அவர்களுக்குப் பிடிபடவில்லை.

இனி தேடுவது. பிரவுசிங் சென்டர் காலத்தில் ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று காசு என்பதால், என்ன தேட வேண்டும் என்பதைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு வருவார்கள். மோடம் கிரீச்சென்று கத்தி இணைப்புக் கிடைத்ததும் பதறிப் பதறி வேலையை முடிப்பார்கள். 2011இல் மத்திய அரசு விதி போட்டது, வருகிறவரின் அடையாளச் சான்றைப் பார்க்க வேண்டும், பதிவேட்டை ஒரு வருஷம் வைத்திருக்க வேண்டும், கேபின் தடுப்பு நாலரை அடிக்கு மேல் இருக்கக்கூடாது. ஆசாரியை வரவழைத்துப் பிளைவுட்டை அறுத்தேன். அறுத்து முடிப்பதற்குள் பிரவுசிங் சென்டருக்கு ஆள் வருவதே நிற்கத் தொடங்கிவிட்டது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது மிச்சமிருந்த இரண்டு கம்ப்யூட்டரில் ஒன்றைத் தூக்கிவிட்டு லேமினேஷன் மெஷின் வாங்கினேன்.

இன்றைக்குப் பிள்ளைகள் தேடுவதே குறைவு, தானாக வந்து விழுவதைப் பார்க்கிறார்கள். வேண்டியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கிறார்கள். பஸ் நேரம், பாடத்திட்டம், சார் போர்டில் எழுதியது, கல்யாணப் பத்திரிகை, எல்லாம் ஒரே குவியல். ஒரு காட்சி சொல்கிறேன். ஸ்காலர்ஷிப் விண்ணப்பம், கடைசி நாள், மாலை ஐந்து மணி. ஒரு பெண் வந்தாள், களக்காட்டுப் பக்கம். வருமானச் சான்றிதழ் எங்கேம்மா என்றால் "போன்ல இருக்கு அண்ணாச்சி." போனில் எங்கே? ஆறாயிரம் படத்துக்குள் விரல் ஓடுகிறது. கடைசியில் சித்தப்பாவுக்கு எப்போதோ வாட்ஸப்பில் அனுப்பியது ஞாபகம் வந்து அங்கிருந்து எடுத்தாள். மெயில் ஐடி என்ன என்றால் தெரியவில்லை, போன் வாங்கியபோது கடைக்காரர் போட்டுக்கொடுத்தது. ஓ.டி.பி. போவது அப்பா நம்பருக்கு, அப்பா மும்பையில் இட்லிக் கடையில். "அப்பா, ஒரு நம்பர் வரும், ஒடனே சொல்லுங்கப்பா" என்று வாய்ஸ் நோட் போடுகிறாள், அவர் கேட்கவில்லை, கடையில் கூட்டம். போன் போட்டாள். உங்கள் பையன் போன் எடுக்கவில்லை என்கிறீர்கள், இங்கே அப்பா எடுக்கவில்லை. மூன்றாவது ஓ.டி.பி.யில் அவர் எடுத்து, பின்னால் பாத்திரச் சத்தத்தோடு ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார், நான் அடித்தேன். உலகத்துத் தகவலெல்லாம் கையில் இருக்கிறது என்கிறார்கள், அந்தப் பெண்ணுக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது அப்பா சொன்ன ஆறு எண்.

யூடியூபுக்கு வருகிறேன், உங்கள் கேள்வியே அதுதானே. யூடியூபில் பார்த்தேன் என்பது குற்றம் இல்லை. டூவீலர் பஞ்சர் ஒட்டுவதிலிருந்து கணக்குப் பாடம் வரை நல்ல தமிழில் பொறுமையாகச் சொல்லித் தருகிறவர்கள் இருக்கிறார்கள், நமக்குப் பாடம் எடுத்த சார்களில் சிலரைவிட நன்றாகவே. ஆனால் கவுன்சலிங் சமயத்தில் என் கடையில் கல்லூரி வரிசை போட வருகிறவர்களைப் பார்க்கிறேன். "இந்தக் காலேஜ் டாப்னு வீடியோல சொன்னாங்க." யார் சொன்னது? "ஒரு அண்ணன்." அந்த அண்ணன் எந்த ஊர், என்ன தொழில், அந்தக் காலேஜ் அவருக்குக் காசு கொடுத்ததா? ஒன்றும் தெரியாது. ரயிலில் எதிர் சீட்டுக்காரரைக் குடைந்தெடுத்த அதே குடும்பம் இந்த அண்ணனிடம் ஒன்றும் கேட்பதில்லை. கேட்க வழியும் இல்லை, வீடியோவுக்குக் காது கிடையாது. அந்த வீடியோவை ஒருவன் முடிவுவரை பார்த்தால் அதே மாதிரி இன்னும் பத்து வரும், பத்தையும் பார்த்தவன் பத்துப் பேர் ஒன்றுபோலச் சொல்கிறார்கள் என்று நம்பிவிடுகிறான். முகம் தெரியாத நடு ஆள் என்று சொன்னேனே, எதை அடுத்து காட்டுவது என்று முடிவெடுக்கிற அந்தக் கணக்குத்தான் அவன். பூத்துக்காரனாவது கூண்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தான்.

பிள்ளைகள் எல்லோரும் ஏமாளிகள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 ஞாபகம் இருக்குமே. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் மழை, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் ஆளோடு நின்றது, இங்கே ஜங்ஷனில் தண்ணீர். அந்த ராத்திரி எனக்கு ஒரு வாய்ஸ் நோட் வந்தது, அணை உடைந்துவிட்டது, ஆற்றங்கரையில் இருப்பவர்கள் ஓடுங்கள் என்று. குரலில் அப்படி ஒரு பதற்றம். நான் ஏழு பேருக்கு அனுப்பப் போனேன், ஒரு சமயத்தில் ஒருவருக்கு மேல் போகவில்லை, எரிச்சலாக இருந்தது. பக்கத்து வீட்டுப் பையன் என் கையிலிருந்து போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, ரெண்டு அம்புக்குறி இருக்கு பாருங்க, இது எங்கெங்கயோ சுத்திட்டு வருது" என்றான். பல கை மாறி வந்த செய்திக்கு வாட்ஸப் அந்த இரட்டை அம்பைப் போடும், 2020 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்டதை ஒரு சமயத்தில் ஒருவருக்குத்தான் அனுப்ப விடும். எனக்கு அது தெரியாது, இருபது வயதுப் பையனுக்குத் தெரிந்திருந்தது. அவன் அதோடு விடவில்லை. பாபநாசம் அணைப் பக்கம் விக்கிரமசிங்கபுரத்தில் இருக்கிற தன் சேக்காளிக்குப் போன் போட்டான், அந்தப் பையன் "இங்க ஒண்ணும் இல்லலே, அணை அப்படியேதான் நிக்கு, தொறந்துவிட்டிருக்காவ" என்றான். கொஞ்ச நேரத்தில் டவர் போய்விட்டது. பாபநாசம் அணை 143 அடி, மணிமுத்தாறு அணை 118 அடி என்று முழு உயரத்தைச் சொல்லி, தினமும் காலையில் நீர்மட்டத்தைக் குரூப்பில் போடுகிற பையன்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். பேப்பர் படிக்கவில்லை என்பதற்காக இவர்களுக்கு ஊர் நடப்புத் தெரியாது என்று சொல்ல முடியாது.

பயப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் மாவட்டத்துப் பள்ளிக்கூடப் பையன்கள் கையில் கட்டுகிற கயிற்றின் நிறத்தில் இருந்த சாதி, ரீல்ஸுக்கும் ஸ்டேட்டஸுக்கும் வந்துவிட்டது. பாட்டு, அரிவாள், மீசை முறுக்கு, பின்னணியில் ஒரு தலைவர் படம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள், சக மாணவர்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது, கயிறு, மோதிரம், நெற்றிக்குறி எல்லாவற்றையும் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. கயிற்றை வாத்தியார் அவிழ்த்துவிடலாம். போனில் அந்த வீடியோ ஒன்றை ஒருவன் இரண்டு தடவை பார்த்துவிட்டால் மூன்றாவது தானாக வருகிறதே, அதை எந்த வாத்தியார் அவிழ்ப்பார்? சாதியைப் போன் உண்டாக்கவில்லை, நாம்தான் வீட்டில் ஊட்டினோம். ஆனால் முன்பு ஊர் மந்தையில் ஒருவன் உளறினால் அதட்ட ஒரு பெரியவர் அங்கே இருப்பார். உங்கள் பையன் எந்த நேரம் போனில் இருக்கிறான் என்று பார்ப்பதைவிட, அதில் அவனுக்குத் தானாக என்ன வந்து விழுகிறது என்று ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். திட்டாமல் பாருங்கள், இல்லையென்றால் அடுத்த தடவை காட்டமாட்டான்.

இப்போது ஏஐ வேறு. போன செமஸ்டரில் ஒரே நாளில் ஆறு பிள்ளைகள் கால்டுவெல் பற்றி அசைன்மென்ட் பிரிண்ட் எடுக்க வந்தார்கள். ஆறிலும் ஒரே வாக்கியம், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1881இல் எழுதினார் என்று. என் அம்மா பிறந்த வீடு திசையன்விளைப் பக்கம், கால்டுவெல் வாழ்ந்த இடையன்குடியின் திருவிழாவுக்கெல்லாம் போனவன், எனக்கு அது உறுத்தியது. ஒப்பிலக்கணம் 1856, 1881இல் வந்தது அவர் எழுதிய திருநெல்வேலி வரலாறு, இரண்டையும் ஏஐ போட்டுக் குழப்பியிருக்கிறது என்று சொன்னேன். ஒரு பையன் நிமிர்ந்து பார்த்து, "அண்ணாச்சி, நீங்க சொல்றது எதுல இருக்கு?" என்றான். முதலில் சுருக்கென்று இருந்தது. அந்தக் கேள்வியைக் கருவியிடம் கேட்காதவன் என்னிடம் கேட்கிறானே என்று. அப்புறம், கேட்டானே என்று தோன்றியது. மாவட்ட மைய நூலகத்துக்குப் போய்ப் பாருடே என்றேன். போகவில்லை. ஆனால் மறுநாள் அந்த 1881 புத்தகத்தின் ஸ்கேன் பிரதியையே இணையத்தில் எங்கோ பிடித்து, முதல் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பினான். கூடவே ஒரு வாய்ஸ் நோட்: "நீங்க சொன்னது சரிதான் அண்ணாச்சி." மிச்ச ஐந்து பேர் 1881 என்றே கொடுத்து மார்க்கும் வாங்கிவிட்டார்கள், அது வேறு கதை.

ஆக, உங்கள் பையனுக்கு இன்று ராத்திரி போன் போடாதீர்கள். "பேசலாமாடே?" என்று ஒரு மெசேஜ் போடுங்கள், பதில் வரும். ஏதாவது வீடியோ பற்றிச் சொன்னால் யார் பேசினது, எந்த ஊர்க்காரர் என்று மட்டும் கேளுங்கள், வேறு எதுவும் கேட்க வேண்டாம். அப்புறம் ஸ்காலர்ஷிப்புக்கு என் கடைக்கு அனுப்புவதாக இருந்தால், வருமானச் சான்றிதழை முன்கூட்டியே தேடி எடுத்து வைக்கச் சொல்லுங்கள், ஓ.டி.பி. வருகிற நேரத்தில் நீங்கள் போனை எடுங்கள்.